ரொறன்ரோக் குளிரில் செவ்வந்தி ஆண்டுதோறும் துளிர்ப்பதற்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக மீட்டுக்கொண்டு தொடங்குகிறேன். ஸ்காபரோவில் வீடு வாங்கி மூன்று ஆண்டுகளாகின்றன. ஒவ்வொரு செப்டெம்பரிலும் நவராத்திரிக்கென்று செவ்வந்திச் சாடிகள் வாங்கி, பூத்து முடிந்ததும் முன்வளவில் நடுகிறீர்கள். குளிர் தாங்கும் பல்லாண்டுத் தாவரம் என்று சாடியில் செருகியிருந்த அட்டையில் எழுதியிருந்தும் ஒரு கன்றுகூட அடுத்த வசந்தத்தில் துளிர்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மா கிணற்றடியில் முறித்து ஊன்றிய கொப்பெல்லாம் வேர்விட்டதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, அதே செவ்வந்தி இங்கே மட்டும் ஏன் சாகிறது என்பது விளங்கவில்லை. இந்த மண்ணின் குளிருக்குச் செவ்வந்தி ஒத்துவராது என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

விட்டுவிட வேண்டாம். செவ்வந்தியின் காட்டு உறவினங்கள் வட சீனத்திலும் கொரியாவிலும் சைபீரியாவிலும் உறைபனிக்கு நடுவே தாமாக வளர்பவை. அந்தச் செடிக்குக் குளிர் புதிதன்று. யாழ்ப்பாணத்து வெயில்தான் அதற்குப் புதிது. ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் எங்கள் வளவில் பதினெட்டு ஆண்டுகளாகச் செவ்வந்தி வளர்த்து வருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் உங்களுக்கு நேர்ந்ததே எனக்கும் நேர்ந்தது. நான்காம் ஆண்டு ஏப்ரலில், செத்துப்போன கன்று ஒன்றை மண்வெட்டியால் கிளப்பியபோதுதான் காரணம் கண்ணுக்குப் பட்டது. நட்டு ஆறு மாதமாகியும் அந்த வேர்க்கட்டி சாடியின் வடிவத்திலேயே, அடியில் சாடித் துளைகளின் தடம்கூட அழியாமல் வெளியே வந்தது. அதிலிருந்து ஒரு வேராவது எங்கள் களிமண்ணுக்குள் இறங்கியிருக்கவில்லை. அந்தக் கன்று எங்கள் நிலத்தில் ஒரு நாளும் வாழவில்லை. சாடி இல்லாத சாடியில் இருந்து செத்திருக்கிறது.

கடையில் நாம் வாங்கும் அந்த உருண்டைச் செவ்வந்தி எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் இது விளங்கும். கோடையின் தொடக்கத்தில் சின்னஞ்சிறு நுனித்துண்டாக வேர்பிடிக்க வைத்து, கரிமட்டி (சதுப்புநிலத்தில் மட்கிய பாசி) கலந்த இலேசான கலவையில் நட்டு, நாள்தோறும் நீரும் பசளையும் குழாய்வழியே ஊட்டி, செப்டெம்பரில் ஒரே நேரத்தில் ஆயிரம் மொட்டு விரியும்படி அதை ஆயத்தம் செய்கிறார்கள். நம் கைக்கு வரும்போது அது தன் வாழ்வின் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது. சேமித்த உணவு முழுவதையும் பூவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. புது வேர் விடும் எண்ணமே அதற்கு இல்லை. ஒக்டோபர் கடைசியில் பூ வாடிய பிறகு அதை எடுத்து நட்டால், நிலம் உறைவதற்கு இடையில் கிடைப்பது நான்கைந்து வாரங்கள்தாம். அதுவும் மண் நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டுபோகும் வாரங்கள். கரிமட்டி ஒருமுறை காய்ந்துவிட்டால் நீரை எளிதில் ஏற்காது. சுற்றியுள்ள களிமண் ஈரமாக இருக்க, நடுவில் வேர்க்கட்டி மட்டும் வறண்டு கிடக்கும். ஆகவே, இலையுதிர்காலத்தில் பூத்த நிலையில் வாங்கி நடுவது என்ற வழக்கமே முதற் பிழை. செவ்வந்தியை நடவேண்டிய காலம் மே மாதம்.

இரண்டாவது காரணம் இனம். எல்லாச் செவ்வந்தியும் அடியில் குட்டி விடுவதில்லை. குளிர் தாங்கும் செவ்வந்தி, வாழைக்குப் பக்கத்தில் குட்டி வருவதுபோலவே, நிலமட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழும் வெளிறிய குருத்துகளை விட்டுப் பரவும். மேலே உள்ள தண்டும் இலையும் உறைபனியில் கருகிப்போகும். அந்த அடிக்குருத்துகள்தாம் குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் கிடந்து ஏப்ரல் கடைசியில் இலை விடுபவை. பூக்கடைகளில் அன்பளிப்புக்காக விற்கும் பெரிய பூச் செவ்வந்திகள் அத்தகைய குருத்துகளை விடுவதே அரிது. தோட்டத்துக்கென்று விற்பவற்றிலும், உருண்டை வடிவமும் ஒரேசீரான பூப்பும் மட்டுமே நோக்கமாகத் தெரிவு செய்யப்பட்ட பல வகைகளில் இந்தப் பண்பு மிகவும் குறைந்துபோயிருக்கிறது. இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். பூவை விட்டுவிட்டுச் சாடியின் விளிம்பில் குனியுங்கள். தண்டுகளை இரு கைகளாலும் மெல்ல விலக்குங்கள். நடுத்தண்டைச் சுற்றிக் கலவையைத் துளைத்துக்கொண்டு அரை அங்குல உயரத்தில், சுருண்ட இலைகளோடு பசிய முளைகள் நாலைந்து தென்பட்டால் அந்தச் சாடிக்குப் பணம் கொடுக்கலாம். ஒரே ஒரு மரத்தண்டு மட்டும் நின்று, சுற்றிலும் வெறும் கலவையாக இருந்தால், அது அந்தப் பருவத்துக்கு மட்டும் உரிய பூச்சாடி. நவராத்திரிக்கு அழகாக இருக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எங்கள் ஊர்களில் பலர் மேரிகோல்டையும் செவ்வந்தி என்றே அழைப்பார்கள். அது வேறு செடி, ஓராண்டுக்குரியது, முதல் உறைபனியோடு முடிந்துவிடும். அதற்காக யாரும் வருந்தவேண்டியதில்லை, விதையை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகிறேன், ஏனென்றால் சரியான இனத்தை உரிய காலத்தில் நட்டவர்களும் இதனால் கன்றுகளை இழக்கிறார்கள். செவ்வந்தியைக் கொல்வது பெரும்பாலும் குளிர்கால ஈரம். அதோடு சேர்ந்து, உறைவதும் இளகுவதுமாக மாறிமாறி வரும் நாட்கள். தை மாதத்தில் இங்கே நாலைந்து நாட்கள் திடீரென்று வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறி, மூடியிருந்த பனியெல்லாம் உருகி, பின்னர் ஒரே இரவில் மைனஸ் பதினைந்துக்கு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உருகிய நீர் களிமண்ணில் வடியாமல் நிற்கும். மறுபடி உறையும்போது அது பனிக்கட்டித் தகடுகளாகப் பெருத்து மண்ணையே மேலே தூக்கும். செவ்வந்தியின் வேர் ஆழமானதன்று; மண் எழும்பும்போது கன்றும் சேர்ந்து எழும்பும், இளகும்போது மண் இறங்கிவிடக் கன்று மட்டும் மேலேயே நின்றுவிடும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், வேர்கள் அறுந்து, குருத்துகள் காற்றுக்கு வெளிப்பட்டுக் காய்ந்துபோகும். பிசிறில்லாமல் உறைந்து கிடக்கும் நிலத்தில், ஓரடிப் பனிக்குக் கீழே, அதே கன்று எந்தத் தீங்குமில்லாமல் உறங்கும். மனிடோபாவில் பிழைக்கும் செவ்வந்தி ரொறன்ரோவில் சாவதற்கு இதுவே காரணம்; அங்கே குளிர் கடுமையானது, ஆனால் பனிப் போர்வை நிலையானது.

இதை ஒருமுறை நானே சோதித்துப் பார்த்தேன். ஒரே தாய்ச்செடியைப் பிரித்துப் பன்னிரண்டு கன்றுகளாக்கி, ஆறைத் தெற்கு மதிலோரம் எட்டு அங்குலம் உயர்த்திய பாத்தியிலும், ஆறைக் கூரைநீர் இறங்கும் குழாய்க்கு அருகே தாழ்ந்த இடத்திலும் நட்டேன். இரண்டு இடத்துக்கும் வெயில் ஏறத்தாழ ஒன்றுதான். வசந்தத்தில் உயர்த்திய பாத்தியில் ஐந்து துளிர்த்தன. தாழ்ந்த இடத்தில் ஒன்று துளிர்த்தது, அதுவும் மேடான ஓரத்தில் நின்றது. அன்றிலிருந்து, செவ்வந்தி நட இடம் கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது வெயிலைப் பற்றியல்ல, மார்ச் மாதத்தில் அங்கே தண்ணீர் நிற்குமா என்பதைத்தான். உங்கள் முன்வளவு என்று எழுதியிருந்தீர்கள். கார் நிறுத்தும் பாதையை ஒட்டிய பாத்தி என்றால், பனி வழிக்கும்போது உப்பும் சேர்ந்து அந்தப் பாத்தியில்தான் கொட்டப்படும். உப்பு ஊறிய மண்ணில் செவ்வந்தி நிலைக்காது. பாதையிலிருந்து குறைந்தது நாலடி தள்ளி நடுங்கள்.

இடத்தைப் பற்றிச் சொல்லும்போது, வெளிச்சத்தையும் சொல்லவேண்டும். செவ்வந்தி நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு வைக்கும் செடி. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலும் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே அங்கே செடி வளர்ச்சி பெற்றதும் பூவுக்குத் திரும்பிவிடும். ரொறன்ரோவில் ஜூன் 21ஆம் திகதிப் பகல் பதினைந்து மணி நேரத்தையும் கடந்து நிற்கிறது. அந்த நாட்களில் செடி இலையும் கிளையுமாகப் பெருக்கிக்கொண்டே போகும். ஓகஸ்டில் இரவு போதிய அளவு நீண்ட பிறகே மொட்டுக் கட்டும். இரவு இருளாக இருப்பது இதற்கு இன்றியமையாதது. பெங்களூர், ஓசூர்ப் பக்கத்துச் செவ்வந்தித் தோட்டங்களில் இரவில் வரிசையாக மின்குமிழ் எரிவதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். பூப்பதைத் தள்ளிப்போட்டுச் செடியை வளர்த்தெடுக்க உழவர்கள் செய்யும் ஏற்பாடு அது. அதே வேலையை நம்மை அறியாமல் நம் வீட்டு வாசல் விளக்கும் தெருவிளக்கும் செய்துவிடக்கூடும். விளக்கின் நேர்வெளிச்சம் இரவு முழுவதும் படும் செவ்வந்தி, ஒக்டோபர் முடிய இலையாகவே நின்று உறைபனியில் கருகும். பின்வளவில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயிலும், இருட்டிய பின் விளக்குப் படாத மூலையும் இருந்தால் அதுவே சிறந்த இடம்.

இனி வகைகள். குளிர் தாங்கும் தோட்டச் செவ்வந்திக்கு வட அமெரிக்காவில் நல்ல வரலாறு உண்டு. கனெக்ரிகட் மாநிலத்தில் பிரிஸ்டல் நாற்றுப்பண்ணையில் அலெக்ஸ் கமிங் என்பவர் கொரிய நாட்டுக் காட்டுச் செவ்வந்தியைத் தோட்டச் செவ்வந்தியோடு கலந்து, 1930களில் கொரியக் கலப்பினங்களை வெளியிட்டார். பனியைத் தாங்கும் பண்பு பல தோட்ட வகைகளுக்குள் புகுந்தது அவ்வழியே. மினசோட்டாப் பல்கலைக்கழகம் அதே காலப்பகுதியில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து, மாமத் என்ற பெயரில் புதர்போல் மூன்றடிக்கு வளர்ந்து மிகக் கடுங்குளிரையும் தாங்கும் வரிசையைத் தந்தது. கனடாவில், மனிடோபாவின் மோர்டன் ஆராய்ச்சி நிலையம் மோர்டன் கனேரி, மோர்டன் டிலைற் முதலிய வகைகளை உருவாக்கியது. புல்வெளி மாகாணங்களின் குறுகிய கோடைக்குள் பூத்துவிடவேண்டும் என்பதற்காகத் தெரிவு செய்யப்பட்டவை அவை. மோர்டன் என்ற சொல்லைக் கன்றுக் கடையில் கண்டால் தயங்காமல் வாங்குங்கள்.

எங்கள் வளவில் ஆண்டுகளைத் தாண்டி நிலைத்தவை என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை நான்கு. கிளாரா கேர்ட்டிஸ், இளஞ்சிவப்பு ஒற்றையடுக்குப் பூ, ஓகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடும். மேரி ஸ்டோக்கர், வைக்கோல் மஞ்சளாகத் திறந்து பின்னர் மெல்லச் சிவக்கும். மெய்-கியோ, சட்டைப் பொத்தான் அளவில் இறுகிய ரோசாநிறப் பூ, மிகப் பிந்திப் பூப்பது. நான்காவதாக ஷெஃபீல்ட் பிங்க். பெயரில் இளஞ்சிவப்பு இருந்தாலும் மொட்டில் பீச் பழத்தின் நிறமாக இருந்து, நடுவே மஞ்சள் பொட்டோடு விரியும். ஒக்டோபர் நடுப்பகுதியில் தொடங்கி, மற்றெல்லாம் கருகிய பிறகும், நவம்பர் முதல் வாரத்திலும் வெள்ளிய உறைபனி ஒட்டிய இதழ்களோடு நிற்கும். வெயில் ஏறி உறைபனி கரைந்ததும், தலைநிமிர்ந்து, அந்த நேரத்திலும் உயிரோடிருக்கும் ஓரிரு தேனீக்களை அழைக்கும். பிந்தி வரும் தீபாவளிக்கு எங்கள் வீட்டுச் சுவாமிப் படத்துக்குக் கடைப்பூ வேண்டியிருப்பதில்லை. ஒரே ஒரு வகைதான் நடலாம் என்று யாராவது என்னைக் கட்டுப்படுத்தினால் ஷெஃபீல்டைத்தான் நடுவேன். இவையெல்லாம் கடை முற்றத்து உருண்டைகளைப்போல அடர்ந்து நில்லாமல் சற்றுக் கலைந்து சாய்ந்து வளர்பவை என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கோவிலுக்குக் கட்டிய பந்துபோல் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும்.

அட்டையில் வலய எண் போட்டிருப்பார்கள்; செடி எவ்வளவு குளிருள்ள இடம்வரை தாங்கும் என்பதைக் காட்டும் எண் அது. பெரும்பாலும் அது அமெரிக்க அளவீடு. அதில் ஐந்தாம் வலயம் என்றால் மைனஸ் 23 முதல் மைனஸ் 29 பாகை செல்சியஸ் வரை இறங்கும் இடம். கனடாவின் வலயப் படம் வேறு கணக்கில் வரையப்பட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரொறன்ரோப் பெரும்பாகத்துக்கு, அமெரிக்க அளவில் ஐந்து அல்லது அதற்குக் குறைந்த எண் உள்ள வகைகளைத் தெரிவு செய்தால் போதும்.

மே மாதத்தில் விக்ரோறியா நாள் விடுமுறை வருமல்லவா, தக்காளியும் கத்தரியும் நடும் அதே வார இறுதியில் செவ்வந்தியையும் நடலாம். சிறிய, பூவே இல்லாத, மூன்று நான்கு இலைக் கொத்துள்ள கன்றே சிறந்தது. அந்த நேரத்தில் கடைகளின் முன்வரிசையில் செவ்வந்தி இருக்காது. பல்லாண்டுத் தாவரங்கள் வைத்திருக்கும் பகுதியில் கேட்டு வாங்கவேண்டும், அல்லது வைத்திருப்பவரிடம் ஒரு குட்டி கேட்கவேண்டும். நம்மவர்களில் கேட்டால் கொடுக்காதவர் அரிது. களிமண்ணை ஓரடி ஆழத்துக்குக் கொத்தி, மூன்றிலொரு பங்கு கூட்டெருவைக் கலந்து, சுற்றியுள்ள நிலத்தைவிட ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்தியபின், ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். நெருக்கி நட்டால் முதலாண்டு அழகாக இருக்கும். இரண்டாம் ஆண்டு அடியிலைகள் காற்றில்லாமல் பழுத்து உதிரும்.

நட்ட பிறகு கோடையில் செய்யவேண்டிய பெரிய வேலை நுனி கிள்ளுவது. கன்று ஆறு அங்குலம் வளர்ந்ததும், நுனியில் இரண்டு இலையோடு சேர்த்துக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள். கீழே ஒவ்வோர் இலைக்கக்கத்திலிருந்தும் புதுக்கொப்பு வரும். அவை ஆறு அங்குலமானதும் மறுபடி கிள்ளுங்கள். கிள்ளும்போது விரலில் ஒட்டும் அந்தக் கைப்பு மணம் எனக்கு எப்போதும் ஊரின் நினைவைக் கொண்டுவரும். மரிக்கொழுந்தும் வேப்பிலையும் சேர்ந்ததுபோல இருக்கும். கிள்ளுவதை நிறுத்தும் நாளை நினைவில் வைத்திருப்பது எளிது: கனடா நாளான ஜூலை முதலாம் திகதி. அதற்குப் பின்னும் கிள்ளிக்கொண்டிருந்தால் மொட்டு வைக்கவேண்டிய நுனிகளை எடுத்துவிடுவோம். ஷெஃபீல்டைப் போன்ற பிந்திய வகைகளில் பூ திறக்கும் முன்பே கடும் உறைபனி முந்திக்கொள்ளும். ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பி, ஜூலை கடைசியில் ஆசையோடு கிள்ளிவிட்டு, அந்த ஆண்டு முழுவதும் பச்சை மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளிய நுனிகளை எறியவேண்டாம். ஜூனில் கிள்ளும் மூன்றங்குலத் துண்டுகளின் அடியிலைகளை நீக்கி, ஈரமணலில் ஊன்றி, நிழலில் மூடிவைத்தால் மூன்று வாரத்தில் வேர்விடும். அம்மா கிணற்றடியில் செய்ததும் இதுவேதான். அந்த வித்தை இங்கேயும் அப்படியே பலிக்கும், ஜூன் மாதத்தில் செய்தால்.

பசளையில் கையிறுக்கம் வேண்டும். வசந்தத்தில் ஒரு கூடை கூட்டெருவும், ஜூன் முடிவதற்குள் ஒருமுறை மென்மையான பொதுப் பசளையும் போதும். ஜூலை கடைசிக்குப் பிறகு எதுவும் இடாதீர்கள். பிந்தி இட்ட நைதரசன் குருத்துகளை மென்மையாக்கிக் குளிருக்கு இரையாக்கும். தண்ணீர் வாரம் ஓரங்குல மழையளவுக்கு, இலையில் படாமல் அடியில் ஊற்றவேண்டும். ஒக்டோபரில் மழை பொய்த்தால் அப்போதும் ஊற்றுங்கள்; காய்ந்த வேரோடு குளிர்காலத்துக்குள் போகும் செடி ஏப்ரலைக் காண்பதில்லை.

பூச்சி, நோய்களைப் பற்றி அதிகம் அஞ்சவேண்டியதில்லை. கொழுந்தில் மொய்க்கும் அழுக்கணவனைக் குழாய்த்தண்ணீரை வேகமாக அடித்தே விரட்டலாம். ஜூனில் இலைகளில் பென்சில் நுனியால் குத்தியதுபோல் கபிலநிறக் குழிகள் வரிசையாகத் தென்பட்டால், அது முதுகில் நான்கு கறுப்புக் கோடு உள்ள மஞ்சட்பச்சை நாவாய்ப்பூச்சியின் வேலை. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான், ஜூலையில் தானாக ஓய்ந்துவிடும். வசந்தத்துத் துளிர்களை முயல் அரிந்துவிடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்; ஸ்காபரோவில் முயலுக்குக் குறைவில்லை. மே மாதம் முடியும்வரை ஒரு கம்பிவலை வளையத்தைச் சுற்றி நிறுத்துங்கள். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் செவ்வந்தி இலை அவற்றுக்கு நஞ்சு என்பதையும் கருத்திற் கொள்ளுங்கள்.

பூ முடிந்ததும் நம் கை பரபரப்பது கத்தரிக்கோலை எடுக்கத்தான். அயலில் எல்லோரும் வளவைத் துப்புரவாக்கும்போது நம் பாத்தியில் மட்டும் கருகிய தண்டு நிற்பது கண்ணை உறுத்தும். இருந்தாலும் வெட்டாதீர்கள். நிற்கும் தண்டுகள் காற்றில் வரும் சருகையும் பனியையும் பிடித்து நிறுத்தி, அடிக்குருத்துகளுக்குப் போர்வை போடும். நிலமட்டத்துக்கு வெட்டிய செடிகளைவிட வெட்டாமல் விட்டவை நன்றாகப் பிழைப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மேல்மூடாக்கு இடுவதற்கு அவசரம் வேண்டாம். நவம்பர் கடைசியிலோ டிசெம்பரிலோ நிலத்தின் மேற்படை உறைந்து காலுக்குக் கல்லாகத் தட்டுப்பட்ட பிறகே மூடவேண்டும், ஏனென்றால் மண்ணைச் சூடாக வைத்திருப்பது மூடாக்கின் வேலையன்று; உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருந்து, தை மாதத்து இளக்கத்தை வேர்வரை போகவிடாமல் தடுப்பதே அதன் வேலை. மேப்பிள் இலைகள் நனைந்தால் ஈரப்பாயாக ஒட்டிக்கொண்டு அடியில் உள்ளதை அழுகச் செய்யும். வைக்கோல் நல்லது. அதைவிட நல்லது ஊசியிலைக் கொப்புகள். நத்தார் முடிந்ததும் வீட்டுக்கு வீடு தெருவோரம் போட்டிருக்கும் மரங்களில் ஒன்றை இழுத்துவந்து, கொப்புகளை வெட்டி இரண்டடுக்காகப் பரப்புங்கள். காற்று உள்ளே புகும், ஈரம் தங்காது, பனி மேலே தங்கும்.

ஏப்ரல் நடுப்பகுதியில் கொப்புகளை ஒரு நாளில் எடுக்காமல் இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாக எடுங்கள். தூக்கிவிடப்பட்ட கன்று ஏதாவது தென்பட்டால், குதிக்காலால் மெல்ல மிதித்து மண்ணுக்குள் இருத்திவிடுங்கள். பழைய தண்டுகளை, அடியில் பச்சை தெரிந்த பிறகு வெட்டலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, துளிர் மூன்று நான்கு அங்குலம் எழும்பிய நேரத்தில், செடியை முழுதாகக் கிளப்புங்கள். நடுப்பகுதி மரமாகிச் செத்திருக்கும். அதை இரக்கமில்லாமல் குப்பையில் போட்டுவிட்டு, சுற்றுவட்டத்தில் வேரோடு இருக்கும் குட்டிகளை மட்டும் பிரித்து நடவேண்டும். பிரிக்காமல் விட்டால் மூன்றாம் நான்காம் ஆண்டில் நடு வெறுமையாகி, ஒரு குளிர்காலத்தில் முழுவதும் போய்விடும். பல்லாண்டுத் தாவரம் என்று அட்டை சொல்வது உண்மையில் அந்தக் குட்டிகளைப் பற்றியது. தாய்ச்செடி அவ்வளவு காலம் வாழ்வதில்லை.

இப்போது செப்டெம்பர் கடைசி. இந்த ஆண்டுக்கு வாங்கிய சாடிகள் ஏற்கெனவே உங்கள் வாசலில் இருக்கும். அடியில் குருத்து உள்ளவற்றைப் பிரித்தெடுங்கள். மனம் துணிந்தால், அவற்றில் இரண்டைப் பூவோடேயே இந்த வாரம் நட்டுப் பாருங்கள். மொட்டுகளில் பெரும்பகுதியைக் கிள்ளிவிட்டு, வேர்க்கட்டியின் பக்கங்களைக் கத்தியால் நான்கு இடத்தில் கீறி, விரல்களால் வேரைப் பிரித்து, நன்கு நனைத்து நடவேண்டும். மற்றவற்றைப் பூசைக்கு வைத்துக்கொண்டு, பூ வாடிய பிறகு சாடியோடு வெப்பமூட்டாத கராச்சுக்குள், உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும் சுவரோரமாக நகர்த்துங்கள். வீட்டினுள்ளோ நிலக்கீழ் அறையிலோ வைக்கவேண்டாம். அந்தச் சூட்டில் வெளிறிய குருத்து நீண்டு எழும்பிச் செத்துவிடும். மாதம் ஒருமுறை ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். ஏப்ரல் கடைசியில் வெளியே எடுத்து, மே நடுப்பகுதியில் உயர்த்திய பாத்தியில் நடுங்கள். நிலத்தில் நட்டவை துளிர்க்கவில்லை என்று ஏப்ரலிலேயே பிடுங்கிவிடாதீர்கள். செவ்வந்தி பிந்தி விழிக்கும் செடி, விக்ரோறியா நாள்வரை பொறுத்திருங்கள். அதன்பிறகும் பச்சை இல்லையென்றால் கிளப்பி, வேர்க்கட்டியைக் கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். சாடி வடிவத்திலேயே இருந்தால் பிந்தி நட்டதுதான் காரணம். வேர்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தும் கறுத்துக் குழைந்திருந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது, அடுத்த கன்றுக்கு அந்த இடம் வேண்டாம்.